மாமாவின் ஸ்வெட்டர், மகளின் குல்லாய்: பழைய கம்பளியைப் பிரித்துப் புதிதாகப் பின்ன ஒரு முழுமையான வழிகாட்டி

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு நடப்புக்கு வந்தபோது, எங்கள் வாடகைக் கார் கொடைக்கானல் நாயுடுபுரத்தில் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தது. சீசனுக்காகக் கணவர் அப்போதுதான் நான்கு டயர்களையும் மாற்றியிருந்தார். பிறகு மாதக்கணக்கில் அந்த டயர்கள் உருளவே இல்லை. காரின் அடியில் பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டது. குட்டிகள் வளர்ந்து பானெட்டின் மேல் ஏறி வெயில் காய ஆரம்பித்தன. அந்த மே மாதம் கோடை விழா இல்லை, பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி இல்லை. சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் எங்களைப் போன்ற வீடுகளில், ரேஷன் அரிசியும் அரசு கொடுத்த 1000 ரூபாயும் எத்தனை நாள் வரும் என்ற கணக்குதான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வருடம் எங்கள் வீட்டில் ஒரே ஒரு உருப்படியான வேலை நடந்தது. மறைந்த மாமனாரின் ஸ்வெட்டரைப் பிரித்து, அந்த நூலில் மகளுக்குக் குல்லாய் பின்னினோம். பின்னத் தெரிந்தவர் வீட்டில் என் மாமியாரான அத்தை ஒருவர்தான். நான் கல்யாணமாகி வந்த 17 வருடங்களில் அவரிடம் ஒரு கண்ணி கூடக் கற்றுக்கொண்டதில்லை. நேரமில்லை என்பதே என் பதில். நேரம் கொட்டிக் கிடந்தபோது கடைகள் மூடிக் கிடந்தன. புது நூலுக்கு வழியில்லாததால் பழையதில் கை வைத்தோம். இப்போது எல்லாக் கடைகளும் திறந்திருக்கின்றன. ஆனாலும் முதல்முறை பின்ன வருபவர் பிரிப்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. ஒரு ஸ்வெட்டருக்குள் நூல் எப்படி ஓடுகிறது என்பதைக் கண்ணால் பார்த்தவருக்கு, பின்னும்போது தப்பு வந்தால் கை நடுங்காது.

எது பிரிக்கத் தகுந்தது

ஏப்ரல் கடைசியில் கோடை மழை பிடித்தது. மகளின் பழைய குல்லாய் காதுக்கு மேலேயே நின்றுவிட்டது. ஏரிக்கரை ஸ்வெட்டர் கடைகள் தார்ப்பாய்க்குள் இருந்தன, வத்தலக்குண்டுக்கு இறங்கப் பஸ் இல்லை. அத்தை கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்தார். அந்துருண்டை வாசனையோடு மூன்று ஸ்வெட்டர்கள் வெளியே வந்தன. அவற்றில் இரண்டு தேறவில்லை. ஏன் தேறவில்லை என்பதிலேயே முதல் பாடம் முடிந்துவிடுகிறது.

முதலாவது, கணவரின் சிவப்பு ஸ்வெட்டர், கடையில் வாங்கியது. உட்புறம் திருப்பிப் பக்கவாட்டுத் தையலைப் பார்த்தால், பனியன் ஓரத்தில் இருப்பது போல ஓவர்லாக் நூல் நெருக்கமாக ஓடியிருந்தது. அப்படி இருந்தால் அதைப் பின்னிய துணியாக வெட்டித் தைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஒவ்வொரு வரிசையும் ஓரத்தில் அறுந்திருக்கும். பிரித்தால் முழ நீளத் துண்டுகளாகத்தான் வரும். நல்ல ஸ்வெட்டரின் தையல் சங்கிலி போலவோ சாதாரணக் கைத்தையல் போலவோ இருக்கும், விளிம்பில் அறுபட்ட நூல் இருக்காது.

இரண்டாவது, மகள் குழந்தையாக இருந்தபோது போட்ட வெள்ளை ஸ்வெட்டர். அதை நான்தான் ஒரு நாள் வெந்நீரில் சோப்புப் போட்டுக் கசக்கித் துவைத்தேன். கம்பளி இழைகளின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. சூடும் கசக்கலும் சேர்ந்தால் அவை ஒன்றையொன்று கவ்விக்கொண்டு துணி தடித்துச் சுருங்கிவிடும். அதன்பிறகு நூலைத் தனியே உருவ முடியாது. இப்போது அது அடுப்படியில் சூடான பாத்திரம் இறக்கும் பிடிதுணியாக இருக்கிறது.

மூன்றாவது, மாமாவின் கருநீல ஸ்வெட்டர். முன்பக்கம் பிளந்து ஐந்து பொத்தான் வைத்தது. அத்தை தன் கையால் பின்னியது. மாமா ஒரு பங்களாவில் இரவுக் காவலுக்குப் போன காலம் முழுவதும் அதைத்தான் போட்டிருந்தார்.

நூல் கம்பளிதானா என்று பார்க்க உட்தையலிலிருந்து ஒரு விரல் நீளம் வெட்டி, தட்டின் மேல் இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி முடி கருகும் நாற்றம் அடிக்கும், நெருப்பை எடுத்ததும் அணையப் பார்க்கும், சாம்பலைத் தேய்த்தால் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டும், ஆறினால் நுனியில் கறுப்பு மணி போல இறுகிவிடும். அக்ரிலிக்கையும் பிரித்துப் பின்னலாம், தவறில்லை. ஆனால் கழுவும் முறை வேறு, அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த மலையில் கம்பளிக்குப் பஞ்சமில்லை என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. பாரத் மெரினோ என்ற மென்கம்பளி இன ஆடுகளை அங்கே வளர்க்கிறார்கள். புல்வெளியில் அந்த ஆடுகள் மேய்வதைப் பார்க்கத்தான் என் கணவர் சவாரி ஏற்றிக்கொண்டு போவார். எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்ததோ, தேசத்தின் மறுகோடியில் லூதியானாவில் நூற்று, கடைத்தெருவில் வாங்கிய நூல்.

பிரித்தல்

முதலில் பொத்தான்களை வெட்டி எடுத்து ஒரு தகர டப்பாவில் போடுங்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மேசை மேல் வைத்தால் போயிற்று.

அடுத்து தையல்கள். பொத்தான் பட்டி, கழுத்துப் பட்டி, கைகள், பக்கவாட்டு, தோள் என்ற வரிசையில் தையல் நூலை மட்டும் சிறு கத்தரியால் வெட்டித் துண்டு துண்டாகக் கழற்ற வேண்டும். வெயில் அடிக்கும் ஜன்னலோரம் உட்காருங்கள். கருநீல ஸ்வெட்டரில் கருநீலத் தையலை மஞ்சு மூடிய மதியத்தில் தேடுவது வீண் வேலை. நான் அப்படித் தேடி இரண்டு இடங்களில் ஸ்வெட்டரின் கண்ணியையே வெட்டினேன். ஊசியில் உட்காரும் ஒவ்வொரு வளையத்துக்கும் எங்கள் வீட்டில் கண்ணி என்று பேர், வலைக்கண்ணி போல. அத்தை திட்டவில்லை. "அந்த இடத்தில் நூல் அறும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுத் தன் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்.

துண்டுகள் தனித்தனியாக ஆனதும் எந்த முனையில் இழுப்பது என்ற கேள்வி வரும். பின்னி முடித்த முனையில் தொடங்க வேண்டும், பின்னத் தொடங்கிய முனையில் அல்ல. ஸ்வெட்டரைப் பொதுவாக இடுப்பிலிருந்து தோளுக்கும், கையை மணிக்கட்டிலிருந்து தோளுக்கும் பின்னுவார்கள். ஆகவே தோள்பக்கம் இருக்கும் சங்கிலி விளிம்பில் கடைசி முடிச்சைத் தேடி அவிழ்த்து இழுங்கள். சரியான முனை என்றால் மெல்லிய பர்ர் சத்தத்தோடு வரிசை வரிசையாக ஓடிவரும். தப்பான முனை என்றால் கண்ணிக்குக் கண்ணி சிக்கும்.

ஒருவர் இழுக்க, இன்னொருவர் நாற்காலி முதுகில் சுற்ற வேண்டும். அப்போதுதான் நூல் சிட்டமாக, அதாவது ஒரு பெரிய வளையமாகச் சேரும். உருண்டையாகச் சுற்றாதீர்கள், அவிழ்த்த நூல் சடையைப் பிரித்த கூந்தல் போல நெளிநெளியாக இருக்கும், உருண்டையாகிவிட்டால் அதைக் கழுவி நேராக்க முடியாது. எங்கள் வீட்டில் நாற்காலியின் முதுகு உடைந்திருந்ததால் கணவரை எதிரே உட்காரவைத்து இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னோம். இருபது வருடம் ஸ்டியரிங் பிடித்த கை. நூல் வரும்போது வளைவில் திருப்புவது போல இடமும் வலமும் தானாகவே சாய்ந்து கொடுத்தது. அந்த ஊரடங்கில் அவர் மனம் விட்டுச் சிரித்ததை நான் முதலில் பார்த்தது அன்றுதான்.

இடது கை பிரிக்கும்போது முழங்கை வந்தது. அங்கே ஒரு ரூபாய் அளவுக்குப் பழுப்பு நூல் இழையோடியிருந்தது. மாமா காவல் கூண்டின் பலகையில் இடது முழங்கையை ஊன்றி ரேடியோ கேட்பாராம். தேய்ந்து ஓட்டையானதும் கையில் இருந்த பழுப்பு நூலால் அத்தை இழைத்திருக்கிறார். பிரிக்கிற கை அந்த இடத்தில் நின்றது. பழுப்பு நூலை மட்டும் அத்தை ஊசி முனையால் ஒவ்வொரு இழையாக எடுத்து ஒரு தீப்பெட்டியில் சுற்றிக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தத் தீப்பெட்டி இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

இப்படி இழைத்த இடம், பொத்தான் துளை, பாக்கெட் வந்தால் நூல் அறும். பதற வேண்டாம். முடிச்சுப் போடாமல் அறுந்த முனையை அப்படியே தொங்கவிட்டு அடுத்த முனையைச் சுற்றுங்கள். இணைப்பது பின்னும்போது.

குளிப்பாட்டுதல்

சிட்டத்தை நான்கு இடங்களில் வெள்ளைப் பருத்தி நூலால் எட்டுப் போல் குறுக்கே விட்டுத் தளரக் கட்டுங்கள். கட்டாமல் தண்ணீரில் போட்டால் இடியாப்பம் ஆகிவிடும். வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர், தலைக்குப் போடும் ஷாம்பூ அரை மூடி. அரை மணி நேரம் அமிழ்த்தி வையுங்கள். கசக்கக் கூடாது, முறுக்கக் கூடாது. அலசும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்கட்டும். பிறகு பூத்துண்டில் சுருட்டி மேலே அழுத்தினால் ஈரம் துண்டுக்குப் போய்விடும்.

தொங்கவிடும்போது சிட்டத்தின் அடியில் பாதித் தண்ணீர் நிரப்பிய பாட்டிலைக் கட்டிவிட்டால் நெளிவு நேராகும். கீழ்நாட்டில் ஒரு நாளில் உலரும். எங்களுக்கு மூன்று நாள் ஆயிற்று. மஞ்சு ஜன்னல் வழியே வந்து நூலில் உட்கார்ந்துகொண்டால் யார் என்ன செய்ய முடியும்? அவசரம் என்று அடுப்புக்கு மேல் கட்டினால் நூலில் புகை ஏறும். மூன்றாம் நாளும் நெளிவு போகாவிட்டால் இட்லிப் பானை ஆவியில் ஒரு முழ உயரத்தில் பிடித்துக் காட்டுங்கள், கம்பளி தானாக நீளும். அக்ரிலிக்கை மட்டும் ஆவியிடம் கொண்டுபோகாதீர்கள். சூடு பட்டால் அதன் துள்ளல் செத்து நூல் துவண்டுவிடும். அதற்குத் தண்ணீரும் தொங்கலும் போதும்.

உலர்ந்த சிட்டத்தைப் பார்த்தபோதுதான் ஒன்று தெரிந்தது. வெயில் பட்டு வெளுத்த ஸ்வெட்டர் அது. ஆனால் தையலுக்குள் மடிந்திருந்த ஓரங்களில் வெயில் படவில்லை. நூலாகப் பிரிந்தபோது ஒவ்வொரு வரிசை முடிவிலும் ஒரு விரற்கடை தூரம் புது நூலின் கருநீலம், மற்ற இடமெல்லாம் மங்கிய நீலம். சீரான இடைவெளியில் பொட்டு வைத்தாற்போல இருந்தது. கறை என்று நினைத்து நான் மறுபடி கழுவப் போனேன். அத்தைதான் தடுத்தார். பின்னி முடித்தபோது அந்தக் கறுப்புப் பொட்டுகள் குல்லாய் முழுக்கத் தூறல் விழுந்தது போல விழுந்திருந்தன. காசு கொடுத்தாலும் கடையில் அந்த நிறம் கிடைக்காது.

நூலை இப்போது உருண்டையாகச் சுற்றலாம். இறுக்கிச் சுற்றாதீர்கள், நான்கு விரலை உள்ளே வைத்து அதன் மேல் சுற்றி, விரலை உருவிவிட்டுச் சுற்றினால் நூல் இழுபடாது.

ஊசி

நம் ஊரில் பின்னல் ஊசி பெரும்பாலும் பழைய பிரிட்டிஷ் எண்ணில்தான் விற்கிறது. எண் கூடக் கூட ஊசி மெலியும் என்பதை மனத்தில் வையுங்கள். 8ஆம் எண் 4 மில்லிமீட்டர், 10ஆம் எண் 3.25, 12ஆம் எண் 2.75. மறுபுறம் 6ஆம் எண் 5 மில்லிமீட்டர். சில பாக்கெட்டுகளில் மில்லிமீட்டர் மட்டும் போட்டிருக்கும். 8 என்று கேட்டு 8 மில்லிமீட்டர் ஊசியை வாங்கி வந்துவிடாதீர்கள், அது பருத்தி மார் குச்சி கனம் இருக்கும். சாதாரண இரட்டை நூல் கனத்துக்கு 8ஆம் எண் ஒரு ஜோடி, ஓரத்துக்கு 10ஆம் எண் ஒரு ஜோடி, தவறிய கண்ணியை எடுக்க ஒரு குரோஷா ஊசி, தைக்க ஒரு மொட்டை ஊசி, ஒரு அளவு நாடா. வேறெதுவும் வேண்டாம்.

கை பழகுதல்

முதல் வேலையாக மஃப்ளர் பின்னச் சொல்வார்கள். கேட்காதீர்கள். ஒரே மாதிரி ஆறு அடி. பாதியில் கிடக்கும் மஃப்ளர்கள் பல வீட்டு அலமாரியில் உண்டு. குல்லாய் சிறிது, அதற்கு ஒரு முடிவு இருக்கிறது, வேண்டிய எல்லா வித்தையும் அதிலேயே வந்துவிடுகிறது.

கண்ணி ஏற்ற ஒரு சுருக்கு முடிச்சைப் போட்டு இடது ஊசியில் மாட்டுங்கள். வலது ஊசியின் முனையை அந்த வளையத்துக்குள் முன்னிருந்து பின்னாக, இடது ஊசியின் அடியில் போகும்படி நுழையுங்கள். நூலை வலது ஊசி முனையின் அடியிலிருந்து மேலாக, இரண்டு ஊசிக்கும் நடுவே ஒரு சுற்று விடுங்கள். அந்தச் சுற்றை முனையால் வளையத்தின் வழியே முன்னால் இழுங்கள். புது வளையம் கிடைக்கும். அதை இடது ஊசியில் மாட்டினால் இரண்டாவது கண்ணி. இதே போல எத்தனை வேண்டுமோ அத்தனை. வேறு முறைகள் வேகமானவை; ஆனால் இந்த அசைவுதான் அடுத்து வரும் நிட்டும், ஆகவே ஒரே பாடத்தில் இரண்டு தேறும்.

நிட்: நூல் ஊசிக்குப் பின்னால் இருக்க வேண்டும். நுழை, சுற்று, இழு, மூன்றும் முன்போலவே. ஆனால் இழுத்த புது வளையத்தை வலது ஊசியிலேயே வைத்துக்கொண்டு, பழைய வளையத்தை இடது ஊசியிலிருந்து நழுவவிட வேண்டும்.

பர்ல்: நூலை முன்னால் கொண்டுவாருங்கள். வலது ஊசியை வளையத்தின் முன்புறத்தில் வலமிருந்து இடமாக நுழையுங்கள். முனை இடது ஊசிக்கு முன்னால் நிற்கும். மேலிருந்து ஒரு சுற்று, முனையால் பின்னுக்குத் தள்ளு, பழையதை நழுவவிடு.

முன்பக்கம் பார்த்தால் நிட் சடைப்பின்னல் போலத் தெரியும், பர்ல் சின்னப் பரல் வைத்தது போலத் தெரியும். உண்மையில் இரண்டும் ஒரே கண்ணியின் முன்னும் பின்னும்தான். ஒரு வரிசை நிட், திருப்பி ஒரு வரிசை பர்ல் என்று பின்னினால் முன்பக்கம் முழுக்கச் சடையாகவும் பின்பக்கம் முழுக்கப் பரலாகவும் வரும். இது விளங்க எனக்கு நான்கு நாள் ஆயிற்று. மகளுக்கு ஒரு மதியம்.

என் முதல் துண்டு 30 கண்ணியில் தொடங்கிப் பத்தாவது வரிசையில் 37 ஆகியிருந்தது. இது எல்லோருக்கும் நடக்கும். காரணம் இரண்டு. வரிசை தொடங்கும்போது நூலை ஊசிக்கு மேலாகப் பின்னுக்கு இழுத்தால், முதல் கண்ணி இரண்டு கால் போலத் தெரிந்து அதையே இரண்டாகப் பின்னிவிடுவோம். மற்றது, நிட்டிலிருந்து பர்லுக்கு மாறும்போது நூலை இரண்டு ஊசிக்கும் நடுவாக முன்னே கொண்டுவராமல் ஊசி மேலாகக் கொண்டுவருவது. அங்கே ஒரு பொய்க்கண்ணி முளைக்கும். ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணுங்கள். அத்தை என் துண்டைப் பார்த்துவிட்டு ஊசியை உருவி, நூலை இழுத்து, ஒரே நிமிடத்தில் உருண்டையாக்கி மடியில் போட்டார். மூன்று முறை அப்படி நடந்தது. முதல் முறை எனக்கு அழுகை வந்தது. மூன்றாம் முறை நானே ஊசியை உருவினேன்.

மாதிரித் துண்டும் கணக்கும்

மகள் அந்த வருடம் பத்தாம் வகுப்பு. மார்ச் 27இல் தொடங்க வேண்டிய பொதுத்தேர்வு ஜூன் 1, ஜூன் 15 என்று தள்ளிப்போய், ஜூன் 9 அன்று ரத்து என்று அறிவித்தார்கள். படித்தது எல்லாம் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் அப்பத்தா அவளிடம் அளவு நாடாவைக் கொடுத்து, "உன் தலைக்கு எத்தனை கண்ணி என்று கணக்குப் போடு" என்றார். கீழே வருவது கணக்குத் தேர்வு எழுதாமலே தேறியவள் போட்ட கணக்கு.

8ஆம் எண் ஊசியில் 30 கண்ணி ஏற்றி, நிட் ஒரு வரிசை, பர்ல் ஒரு வரிசையாக ஒரு சாண் பின்னுங்கள். இழுக்காமல் பரப்பி, நடுவில் 10 சென்டிமீட்டருக்குள் எத்தனை சடை என்று எண்ணுங்கள். எங்களுக்குக் குறுக்கே 22, உயரத்தில் 28 வரிசை. உங்கள் கை இறுக்கமானால் கூடும், தளர்வானால் குறையும். உங்கள் எண்தான் உங்களுக்கு.

தலைச்சுற்று 54 சென்டிமீட்டர். குல்லாய் தலையைப் பிடித்து நிற்க வேண்டும் என்பதால் பத்தில் ஒரு பங்கு கழித்தால் ஏறக்குறைய 48. ஒரு சென்டிமீட்டருக்கு 2.2 கண்ணி வீதம் 105.6. ஓரத்துப் பின்னல் நான்கு நான்காகப் போவதால் 104 என்று வைத்து, பின்னால் சேர்த்துத் தைக்க இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று கூட்டினால் 106.

குல்லாய்

10ஆம் எண் ஊசியில் 106 கண்ணி ஏற்றுங்கள். முதல் வரிசை: 2 நிட், பிறகு 2 பர்ல் 2 நிட் என்று கடைசி வரை. திருப்பியதும் இரண்டாம் வரிசை: 2 பர்ல், பிறகு 2 நிட் 2 பர்ல் என்று கடைசி வரை. சடையாகத் தெரிவதை நிட்டாகவும் பரலாகத் தெரிவதைப் பர்லாகவும் பின்னினாலே சரியாக வரும், மனப்பாடம் வேண்டாம். 5 சென்டிமீட்டர் ஆனதும் ரிப் என்ற ஓரத்துப் பின்னல் தயார், இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும்.

8ஆம் எண் ஊசிக்கு மாறி, நிட் வரிசை பர்ல் வரிசையாக, அடியிலிருந்து மொத்தம் 14 சென்டிமீட்டர் வரும் வரை பின்னுங்கள். பர்ல் வரிசையில் முடியுங்கள். இந்த ஒன்பது சென்டிமீட்டரில் சொல்ல எதுவும் இல்லை. கை தானாக ஓடும். கல்வித் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும், குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருப்போம், அரிசி தீரப்போவதைப் பற்றி யாராவது பேசுவார்கள், ஊசி நிற்காது.

இனி உச்சி குறுகும் இடம். ஓரக்கண்ணி இரண்டை விட்டால் மீதி 104. அதை எட்டுப் பங்காக்கினால் பங்குக்கு 13. முதல் குறைப்பு வரிசை: 1 நிட், பிறகு 11 நிட், இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒரே நிட், இதை எட்டு முறை, கடைசியில் 1 நிட். ஊசியில் 98 இருக்க வேண்டும். அடுத்த வரிசை முழுதும் பர்ல். அதற்கடுத்த குறைப்பில் 11க்குப் பதில் 10 நிட், அதற்கடுத்து 9. ஒவ்வொரு குறைப்பிலும் எட்டுக் கண்ணி போகும். மொத்தம் 11 குறைப்பு வரிசைகள். கடைசியில் பங்குக்கு 2 வீதம் 16, ஓரத்தோடு 18 கண்ணி நிற்கும்.

எத்தனையாவது குறைப்பு என்பதுதான் மறந்துபோகும். வில்பட்டியிலிருந்து வந்த பட்டர் பீன்ஸில் 11 கொட்டையை ஒரு டம்ளரில் போட்டு, ஒரு குறைப்பு முடிந்தால் ஒன்றை எடுத்துப் பக்கத்து டம்ளரில் போட்டோம். ஒரு நாள் ராத்திரி அவசரத்தில் டம்ளரைக் குழம்பில் கவிழ்த்துவிட்டேன். ஐந்தா ஆறா என்று மகள் உச்சியின் வரிகளை எண்ணிச் சொன்னாள்.

18 கண்ணி நிற்கும்போது இரண்டு முழம் நூல் விட்டு வெட்டுங்கள். மொட்டை ஊசியில் கோத்து எல்லாக் கண்ணிக்குள்ளும் விட்டு, ஊசியை உருவி, சுருக்குப்பை போல இழுத்து இறுக்குங்கள். அதே நூலால் பின்பக்கத்தை உச்சியிலிருந்து அடிவரை தையுங்கள். இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு கண்ணியை உள்ளே விட்டுத் தைத்தால் ரிப்பில் 2 நிட் வரிசை தொடர்ந்து போகும், தையல் இருக்கும் இடமே தெரியாது.

நடுவில் நூல் தீர்ந்தால் முடிச்சுப் போடாதீர்கள். முடிச்சு நெற்றியை உறுத்தும். கம்பளி என்றால் இரண்டு முனையையும் விரலளவு பிரித்து மெலிதாக்கி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஈரம் தொட்டு உள்ளங்கையில் பரபரவென்று உருட்டினால் ஒட்டிக்கொள்ளும். என் வெள்ளை ஸ்வெட்டரைக் கெடுத்த அதே குணம் இங்கே உதவிக்கு வருகிறது. அத்தை எப்போதும் எச்சில் தொட்டுத்தான் உருட்டுவார். அந்த வருடம் எச்சில் என்ற சொல்லுக்கே வீடு அலறியதால் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தோம். அக்ரிலிக் ஒட்டாது, பழைய முனையையும் புது முனையையும் சேர்த்து ஐந்தாறு கண்ணி பின்னிவிட்டு, வாலை உட்புறம் ஊசியால் செருகிவிடுங்கள்.

கண்ணி தவறி விழுந்தால் ஏணிப்படி போலக் கீழே ஓடும். துணியை இழுக்காதீர்கள். குரோஷா ஊசியை விழுந்த கண்ணிக்குள் முன்னிருந்து விட்டு, அதற்கு மேலே குறுக்கே கிடக்கும் முதல் படியைக் கொக்கியில் பிடித்து வளையம் வழியே இழுங்கள். அப்படியே ஒவ்வொரு படியாக மேலே ஏறி ஊசியில் மாட்டுங்கள். பிரித்துப் பார்த்த கண்ணுக்கு இது ஒரு வேலையே இல்லை.

முக்கால் மணிக்கு ஒரு முறை எழுந்து விரலை உதறிக்கொள்ளுங்கள். கணவர் சொன்னது இது. மலைப்பாதையில் வண்டி ஓட்டுபவர்கள் அப்படித்தான் செய்வார்களாம்.

ஸ்வெட்டர் மளிகைக் கடைத் தராசில் 400 கிராமுக்குச் சற்று மேல் இருந்தது, குல்லாய்க்கு 80 கிராம் போனது. மீதியில் அத்தைக்குக் காலுறையும் கணவருக்கு ஒரு மஃப்ளரும் ஆரம்பித்தேன். மஃப்ளர் பற்றி முன்பே சொல்லிவிட்டேன்.

பொத்தான்

2021 பிப்ரவரி 8 அன்று ஒன்பதாம் வகுப்புக்கும் பதினொன்றாம் வகுப்புக்கும் பள்ளி திறந்தது. புல் மேல் பனி கெட்டியாக இருந்தது. சீருடை, குல்லாய், முகக்கவசம் எல்லாம் போட்டுக்கொண்டு மகள் கிளம்பினாள், வாசலைத் தாண்டவில்லை, திரும்பி வந்தாள். குல்லாய் காதை மூடியதால் முகக்கவசத்தின் வாருக்கு மாட்டக் காது இல்லை. குல்லாயை ஏற்றினால் காது குளிர்ந்தது, வாரை மேலே மாட்டினால் நழுவியது.

இதற்கு வழி எளிது. குல்லாயைத் தலையில் போட்டுக்கொண்டு, காதுக்குச் சற்றுப் பின்னால் ரிப்பின் மேல் இருபுறமும் சாக்பீஸால் ஒரு புள்ளி வையுங்கள். கழற்றி, உட்புறம் காசளவு துணி ஒட்டு ஒன்றை வைத்து, அதோடு சேர்த்துப் பொத்தானைத் தையுங்கள். ஒட்டு இல்லாவிட்டால் வார் இழுக்க இழுக்கப் பின்னல் பிளந்துவிடும். பொத்தானுக்கும் துணிக்கும் நடுவே ஒரு தீக்குச்சியை வைத்துத் தைத்துவிட்டுக் குச்சியை உருவினால், வார் மாட்ட இடம் கிடைக்கும்.

அத்தை தகர டப்பாவைத் திறந்து ஐந்தில் இரண்டை எடுத்தார். மகள் செருப்பைக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது பொத்தானின் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "ஓடு, மணி அடித்துவிடும்" என்றார்.